மேடை யாருக்கு? மேசை யாருக்கு?

விழா அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், தோழர்களே! தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை வழங்குவோர், சிறப்புரை ஆற்றுவோர் என்று பெயரும் பட்டமும் பதவியும் தடித்த எழுத்துகளில் வரிசை வரிசையாக நிற்கும். அடியில், தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும்: "மற்றும் கிராமியக் கலை நிகழ்ச்சிகள் நடைபெறும்." ஆடுபவருக்குப் பெயர் இல்லை, அடிப்பவருக்கு ஊர் இல்லை. நிகழ்ச்சி தானாகவே நடைபெறுமாம்! நடத்துகின்ற மனிதர் யார் என்ற வினாவுக்கு அந்த வாக்கியத்தில் விடையே கிடையாது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அந்த வாக்கியம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பிழை இலக்கணத்தில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது.

"கலை மக்களுக்காக" என்று முழங்கும் விழாக்கள் இன்று பெருகியுள்ளன. வரவேற்போம். மன்னர் அவையிலும் மாளிகைக் கூடத்திலும் அடைபட்டுக் கிடந்த கலை, தெருவுக்கும் திடலுக்கும் வருவது நல்லதே. ஆனால் அவ்விழாக்களைப் பற்றி எழுத வருவோர் எதை எழுதுகிறார்கள்? பாட்டு இனித்ததா, ஆட்டம் சிறந்ததா, கூட்டம் திரண்டதா என்று எழுதுகிறார்கள். விழாவும் ஒரு படைப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள். நூலுக்கு ஆசிரியன் இருப்பது போல விழாவுக்கும் ஆசிரியர்கள் உண்டு. நாள் குறிப்பவர், ஆளைத் தேர்பவர், ஊதியம் வரையறுப்பவர், கணக்கு முடிப்பவர் ஆகிய ஆட்சிக்குழுவினரே அந்த ஆசிரியர்கள். நூலாசிரியனைத் திறனாய்வு செய்யும் நாம், விழாவை ஆள்வோரை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஆகவே இக்கட்டுரை மேடையைப் பற்றியது அன்று. மேடைக்குப் பின்னால் இருக்கும் மேசையைப் பற்றியது.

பழைய ஊர்த் திருவிழா நமக்குக் காட்டிய காட்சி ஒன்று உண்டு. பறை முழங்காமல் விழா தொடங்காது. ஆனால் பறை முழக்குபவருக்கு விழாக் குழுவில் இடம் கிடையாது. அவர் ஒலி எழுப்பினால்தான் தேர் புறப்படும். அவர் வாழும் தெருவுக்கு மட்டும் தேர் திரும்பாது. வரி எவ்வளவு, நாள் எது, முதல் மரியாதை யாருக்கு என்பவற்றையெல்லாம் திண்ணையில் அமர்ந்த நால்வர் முடிவு செய்வர். முடிந்த முடிவை ஊருக்கு அறிவிக்கும் வேலை மட்டும் பறையருக்கு! ஓசை வேண்டும், ஓசைக்கு உரியவர் வேண்டாம். எல்லா ஊரிலும் இன்றும் இப்படியே என்று சொல்லமாட்டேன். மாறிய ஊர்கள் உண்டு. போராடி மாற்றிய ஊர்கள் உண்டு. ஆனால் திண்ணை போய் மின்விசிறி சுழலும் அறை வந்த பின்னும், நால்வர் கூடி முடிவெடுக்கும் வழக்கம் போயிற்றா என்பதுதான் கேள்வி.

நான் வாழும் பழனி மலைத்தொடருக்கு வாருங்கள். 1845இல் அமெரிக்கச் சமயப் பரப்பாளர்கள் வெயிலுக்கு அஞ்சி மேலேறி வந்து வீடு கட்டியதில் தொடங்குகிறது கோடைக்கானல் என்னும் நகரம். வந்தவர் வசதிக்காக எழுந்த ஊர் அது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. 1908இல் உருவான பிரயண்ட் பூங்காவில் மே மாதந்தோறும் மலர்க்காட்சி நடக்கிறது. 2023இல் அது அறுபதாவது காட்சியைக் கண்டது. அதையொட்டிக் கோடை விழா. சுற்றுலாத் துறையும் தோட்டக்கலைத் துறையும் மாவட்ட நிர்வாகமும் பொறுப்பேற்று நடத்துகின்றன. மலர் அலங்காரம், படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, மாலையில் கரகம், ஒயில், தப்பாட்டம் என்று வந்தவர் மகிழ்கின்றனர். கூட்டமோ சொல்லி முடியாது. உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று விதிக்கும் அளவுக்குக் கூட்டம்!

விழா சிறக்கட்டும், வேண்டாம் என்பார் யார்? ஆனால் மலைக்கு உரிய மக்கள் என்று சிலர் இருக்கிறார்கள் அல்லவா? அமெரிக்கர் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து இக்காடுகளில் வாழும் பளியர் இருக்கின்றனர், புலையர் இருக்கின்றனர். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு பயிரிடுவோர், தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பித் தோட்டத்தில் உழைப்போர் இருக்கின்றனர். இவர்களுக்கு மே மாதம் என்பது வாடகை வண்டி ஓட்டும் மாதம். விடுதிகளில் துணி வெளுக்கும் மாதம். ஏரிக்கரையில் வேகவைத்த சோளம் விற்கும் மாதம். ஊரார் ஓய்ந்திருக்கும் நாளில் வைப்பதன்றோ ஊர் விழா? உள்ளூரார் மூச்சுவிட நேரமில்லாத நாளில் வைக்கப்படுவது விருந்தினர் விழா. நாளைக் குறித்தவர் யாரை நினைத்துக் குறித்தார் என்பதை நாட்காட்டியே சொல்லிவிடுகிறது. துறை அதிகாரிகள்மீது குறை கூறுவதன்று என் நோக்கம். அவர்களுக்கு இடப்பட்ட பணி சுற்றுலா. அதை அவர்கள் செய்கிறார்கள். "இது யாருடைய விழா?" என்று கேட்கவேண்டிய நாம்தான் கேட்கவில்லை.

கலை இம்மலையில் வேறொரு வழியிலும் வந்ததுண்டு. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் இங்கே நிறுவப்பட்டது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளிப்பட்டு, 2001இல் ஆலை மூடப்பட்டது. அன்று முதல் பணியாற்றிய தொழிலாளர்கள் நியாயம் கேட்டுத் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றனர். ஆண்டுகள் உருண்டன. 2015இல் சோபியா அஷ்ரப் என்ற இளம்பெண் பாதரசத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். உலகம் முழுவதும் பல இலட்சம் பேர் அதைக் கேட்டனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டுதான் வென்றது என்று சொல்வோர் உண்டு. பாட்டுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாளர்கள் ஒன்றுகூடி, இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். பாட்டு அந்தக் கோரிக்கைக்குக் குரல் ஆயிற்று. கோரிக்கையைத் தானே எழுதிக்கொள்ளவில்லை. மேசையில் தொழிலாளர் இருந்தனர். மேடையில் பாடகி இருந்தார். வரிசை சரியாக இருந்ததால் கலை பயன்பட்டது. வரிசை தலைகீழாகி, பாடகர் கோரிக்கையை முடிவு செய்ய, பாதிக்கப்பட்டவர் பின்னணியில் கைகட்டி நிற்க நேர்ந்திருந்தால், எஞ்சியிருப்பது ஒரு நல்ல பாட்டு மட்டுமே.

2018இல் இதே பாதரசத்தைப் பற்றி வந்த இரண்டாம் பாட்டில் கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் குரல் கொடுத்தார். மண்ணைத் தூய்மை செய்யும் பணி ஐரோப்பாவில் ஒரு தரம், கோடையில் ஒரு தரமா என்று கேட்டது அப்பாட்டு. இந்தக் கிருஷ்ணாவும், கோடைப் போராட்டத்தில் நெடுங்காலம் உழைத்த சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும், வேறு பலரும் சேர்ந்து, 2015இன் தொடக்கத்தில் சென்னை எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய மீனவர் ஊரில் ஒரு விழாவைத் தொடங்கியிருந்தனர். ஊரூர் ஆல்காட் குப்பம் விழா என்பது அதன் பெயர். சமுதாய நோக்குள்ள கலைவிழா என்றவுடன் தமிழ்நாட்டில் பலர் நினைவுக்கு வருவது அதுவே. ஆகையால் அதனையே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

பரதநாட்டியமும் கருநாடக இசையும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே விழாவில், ஒரே மணலில் இடம்பெற்றன. நுழைவுச் சீட்டில்லை; பட்டுச் சேலைக்கு முன்வரிசை என்பதில்லை. மார்கழி மாதச் சபாக்களின் குளிர்ந்த அரங்குகளில் யார் அமர்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்ற கேள்வியைச் சபாவின் உள்ளிருந்தே வந்த ஒருவர் எழுப்பினார். அதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு நம் வணக்கம். வெளியிலிருந்து வந்த தன்னார்வலரும் குப்பத்து மக்களும் சேர்ந்து உழைத்தே விழா நடந்தது.

எனினும், செய்தித்தாள்கள் எதை எழுதின? "வித்துவான் குப்பத்துக்குப் போனார்" என்பதுதான் செய்தியாயிற்று. குப்பத்து மனிதர் விழாவை நடத்தினார் என்பது செய்தியாகவில்லை. ஒரு புகழ்பெற்ற பெயர் விழாவின் முகமாகிவிட்டால், அந்த வெளிச்சத்தில் மேசையில் அமர்ந்த மற்றவர் முகம் மங்கிப்போகும். இது அவ்வறிஞரின் குற்றமாகாது. நம் கண்ணின் பழக்கம். ஆனால் பழக்கத்தை உடைப்பதற்காக எழுந்த விழா, இந்தப் பழக்கத்தையும் உடைக்க வழி கண்டிருக்க வேண்டும். பின்னாளில் அவ்விழா சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாறிற்று. தெருக்கள் பல சேர்ந்தன, நோக்கம் விரிந்தது. நன்று. ஒரு மீனவர் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற விழா நகரத்தின் பெயரை ஏற்றபோது, அந்த ஊரின் உரிமையும் உடன் விரிந்ததா, கரைந்ததா? நல்லவர்கள் நடத்தும் விழாவிடம்தான் இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கமுடியும். மற்றவற்றிடம் கேட்டு என்ன பயன்?

ஆள்வோர் யார் என்பது கலையையே மாற்றிவிடும் என்பதற்கு நம் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1928இல் சென்னையில் சங்கீத வித்துவ சபை தோன்றியது. கச்சேரிகளில் தெலுங்கும் வடமொழியும் கோலோச்ச, தமிழ்ப்பாட்டு கடைசியில் பாடும் துக்கடாவாக ஒதுங்கி நின்ற காலம் அது. பாடகருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை; கேட்பவருக்குத் தமிழ் புரியாமல் இல்லை. முடிவெடுக்கும் மேசையில் தமிழுக்கு வாக்கு இல்லை, அவ்வளவே! அண்ணாமலை அரசர் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டதும், தமிழ்ப் பாட்டுக்கெனத் தனி மேடை எழுந்தது. மேசை மாறிற்று, பாட்டு மாறிற்று. ஆனால் அங்கும் அமர்ந்தவர் அரசரும் அறிஞரும் செல்வருமே. தேவாரப் பண்ணுக்கு ஆராய்ச்சி மாநாடு கூடிற்று, போற்றுவோம். நாற்று நடுபவளின் தெம்மாங்குக்கு அப்படியொரு மாநாடு கூட்டவேண்டும் என்று சொல்ல, அந்த மேசையில் யார் இருந்தார்?

நம்மவர் நடத்திய விழா என்பதால் திறனாய்விலிருந்து விலக்குப் பெற்றுவிடாது. 2007இல் தோன்றிய சென்னை சங்கமம் விழாவை எண்ணிப் பாருங்கள். கனிமொழியும் அருட்தந்தை ஜெகத் கஸ்பரின் தமிழ் மையமும் முன்னின்றனர். அரசு துணை நின்றது. பூங்காவிலும் கடற்கரையிலும் தெருமுனையிலும் தமிழகத்து நாட்டார் கலைகள் தலைநிமிர்ந்து ஆடின. அதே 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் அமைந்தது. ஆனால் 2011இல் ஆட்சி மாறியது, சங்கமமும் நின்றது. ஆட்சி மீண்டும் மாறிய பின், 2023 சனவரியில் அரசின் கலை பண்பாட்டுத் துறை அதை மீட்டெடுத்தது. இடையில் ஒரு பத்தாண்டு! பறை மாறவில்லை, கரகம் மாறவில்லை, ஆடும் கால்கள் மாறவில்லை. கோட்டையில் அமர்ந்தோர் மாறினர். தெருவில் ஆடியவர் வாய்ப்பிழந்தனர். விழாவின் ஆட்சி கலைஞர் கையில் இருந்திருந்தால், எந்த அரசு வந்தாலும் "எங்கள் விழாவுக்கு உதவுங்கள்" என்று அவர்களே போய் நின்றிருப்பர். கொடுத்தவர் போனால் கொடையும் போகும். உரிமை அப்படிப் போகாது.

கலைஞரே ஆளமுடியுமா என்று ஐயுறுவோர் காஞ்சிபுரத்தைப் பார்க்கட்டும். பெருங்கட்டூர் இராசகோபால் என்ற கூத்துக் கலைஞர் முன்னிற்க, 1990இல் கூத்தாடுவோர் தாமே கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டனர். அவர்கள் செய்த முதற்பெரும் செயல் என்ன தெரியுமா? தங்கள் கலையை எப்பெயரால் அழைப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தனர். தெருக்கூத்து என்று பிறர் பொதுவாகச் சொன்னதை ஏற்காது, கட்டை அணிகலன்களால் வந்த கட்டைக்கூத்து என்ற பெயரை நிலைநாட்டினர். 2002 முதல் 2020 வரை குருகுலம் ஒன்றையும் நடத்தினர். ஆடவர் மட்டுமே ஆடிய கூத்தில் அங்கே பெண் பிள்ளைகளும் பயின்று ஆடினர். மரபைக் காக்க வேண்டும் என்று வெளியார் சொல்லிக்கொண்டிருக்க, மரபுக்கு உரியவரே மரபைத் திருத்தினர்! உரியவர் மேசையில் அமர்ந்தால் கலை பழங்காட்சிப் பொருளாய் உறைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா? பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசையும் இவ்வழியில் வந்ததே. கானாவும் பறையும் எவர் வாழ்வில் பிறந்தனவோ, அவர்களே அழைப்பாளர் ஆயினர்.

கடல் கடந்தும் ஒரு சான்று. 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பெரிய கலைவிழா தொடங்கியபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமே வந்து விழாவின் ஓரத்தில் நடித்தன. அந்த ஓரமே வளர்ந்து, பின்பு ஒரு சங்கமாயிற்று. "எங்கள் குழு எவரையும் தேர்ந்தெடுக்காது, எவரையும் விலக்காது" என்பது அச்சங்கத்தின் அடிப்படை விதி. அழகிய விதி! ஆனால் அங்கேயும் இன்று அரங்க வாடகையும் தங்கும் செலவும் மலையாய் உயர்ந்து, கையில் காசில்லாத கலைஞன் கதவருகே நிற்கிறான். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே வரும் வழிச்செலவையும் யாரேனும் எண்ணவேண்டும். வழிச்செலவின் அருமை அறிந்தவர் மேசையில் இருந்தால்தான் அந்த எண்ணம் பிறக்கும்.

"ஆடத் தெரிந்தவனுக்கு ஆளத் தெரியுமா? வரவு செலவு, அனுமதி, ஒலிபெருக்கி, பாதுகாப்பு இவையெல்லாம் படித்தவர் வேலையல்லவா?" என்று கேட்பர் சிலர். பழைய பாட்டு, புதிய மெட்டு. நாடாளத் தெரியாது என்று வெள்ளையன் நம்மைப் பார்த்துச் சொன்னதும், கோயில் கருவறைக்குள் நுழையத் தகுதியில்லை என்று மேல்சாதியார் சொன்னதும் இதே மெட்டுதான். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்மார்கள் மாதந்தோறும் கூடி, கடன் கொடுத்து, வட்டி கணக்கிட்டு, ஏட்டில் எழுதி, எல்லார் முன்னும் படித்துக் காட்டுகிறார்கள். வங்கிக் கணக்கை ஆளத் தெரிந்த அந்தக் கைகளுக்கு ஒரு விழாவை ஆளத் தெரியாதா?

"சரி, அவர்களில் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வோம்" என்பர் வேறு சிலர். பதினைந்து பேர் அமர்ந்த மேசையில் பளியர் ஒருவர், பக்கத்தில் பறைக் கலைஞர் ஒருவர்! இலையோரத்து ஊறுகாய் விருந்தாகிவிடாது. தனி ஒருவர் தலையசைப்பதற்கு மட்டுமே அமர்த்தப்படுவார். மறுத்துப் பேச அவருக்குத் துணை இராது. மறுத்துப் பேசும் உரிமைதான் இங்கு முக்கியம். மேடையில் நிற்பவரால் நன்றாக ஆடமுடியும். "ஆடமாட்டோம்" என்று சொல்ல முடியாது. எங்கள் பாட்டைச் சுற்றுலா விளம்பரத்துக்குத் தரமாட்டோம், சாமிக்கு ஆடும் ஆட்டத்தைச் சாப்பாட்டு வேளையில் விருந்தினர்க்கு ஆடமாட்டோம், இறப்பு வீட்டில் அடிக்கச் சொல்லி இழிவு செய்த பறையை எங்கே அடிப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்று சொல்லும் உரிமை மேசையில்தான் இருக்கிறது. அந்த உரிமையில்லாத ஆட்டம், எவ்வளவு கைதட்டல் பெற்றாலும், ஏவலே.

ஆகவே எந்த விழாவையும் அளக்க நான்கு கேள்விகள் போதும். நாளைக் குறித்தது யார்? கலைஞரைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊதியம் எவ்வளவு என்று யாரோடு பேசி முடிவாயிற்று? கணக்கு யார் முன்னிலையில் படிக்கப்பட்டது? இந்த நான்குக்கும் "மக்கள்" என்று விடை வந்தால், மேடை சிறிதாயினும் அது மக்கள் விழா. வராவிட்டால், மேடை விண்ணை முட்டினாலும், அது மக்களைக் காட்டி நடத்தும் விழா.

கோடை விழாவுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். குழுவில் பாதி இடம் மலை ஊராருக்கு. அந்தப் பாதியில் பாதி பெண்களுக்கு. பளியரும் புலையரும் தோட்டத் தொழிலாளரும் தாங்களே தேர்ந்தனுப்பும் உறுப்பினர். கூட்டம் நகர விடுதியில் கூடாது. ஒரு முறை பூம்பாறையில், மறுமுறை தாண்டிக்குடியில். கலைஞரின் பெயரும் ஊரும் அழைப்பிதழில், தலைவர் பெயர் அச்சாகும் அதே அளவு எழுத்தில். ஊதியம் ஆட்டம் முடிந்து அலைக்கழித்தபின் வேண்டா. ஆடும் முன்னரே கையில். செலவுக் கணக்கு கிராம சபையில் வாய்விட்டுப் படிக்கப்படட்டும். சுற்றுலா நெரிசல் ஓய்ந்த மாதத்தில், மலை மக்கள் தமக்கென்று குறித்துக்கொள்ளும் ஒரு நாளும் அதே விழாவின் பகுதியாகட்டும். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. நாற்காலிகள் சில தேவை. அதைவிட, அமர்ந்திருப்பவர் சிறிது நகர்ந்து உட்காரும் மனம் தேவை.

தோழர்களே! நாற்காலியில் நகர்ந்து இடம் விடுபவர் தாமாக நகர்ந்ததாக வரலாறு மிகக் குறைவாகவே சொல்கிறது. கேட்டவர்க்கே இடம் கிடைத்தது. இனி உங்கள் ஊரில் விழா நடத்த நன்கொடைச் சீட்டோடு எவரேனும் வந்தால், பணம் தருமுன் ஒன்று கேளுங்கள்: "ஐயா, ஆடுவோர் பட்டியல் இருக்கட்டும், ஆள்வோர் பட்டியலைக் காட்டுங்கள்!"